0.04 சதவீதம் இருக்கும் வாயு பூமியைச் சூடாக்குமா? (ஒரு மாணவன் கேட்ட கேள்வி)

சாக்பீஸ் | திங்கள், இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இன்று புவி வெப்பமாதல் பாடம். பசுமை இல்ல வாயுக்கள் பூமிக்குப் போர்வை மாதிரி, அதனால்தான் வெப்பம் தங்கிவிடுகிறது என்று வழக்கம்போலச் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், காத்துல கரியமில வாயு 0.04 சதவீதம்தான்னு போன வாரம் நீங்களே போர்டுல எழுதிப் போட்டீங்க. பத்தாயிரம் நூல் இருக்கிற போர்வையில நாலு நூல்தான் வேலை செய்யுதுன்னா, அந்தப் போர்வை எப்படிக் குளிர் தாங்கும்?"

ஒரு துளி விஷம் ஆளையே கொல்லும் இல்லையா என்று கேட்டேன். "அது விஷம் டீச்சர், இது நாம விடுற மூச்சுதானே" என்றான். வகுப்பு மொத்தமும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. நாளை மறுநாள் மறுபடி அந்த வகுப்பு இருக்கிறது. பரீட்சைக்கு எழுதும் பதில் வேண்டாம். அவனுக்கு உண்மையாகப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

உறைபனி | திங்கள், இரவு 9:42

நான் கோத்தகிரிப் பக்கம். இயற்பியல் தெரியாது, கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். டிசம்பர், ஜனவரியில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் இரவில்தான் எங்களுக்குப் பயம். அன்றைக்கு விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். இளம் தேயிலைச் செடிகளுக்கு மேல் தழையை மூடி வைப்போம். மேகம் மூடிய இரவு என்றால் நிம்மதியாகத் தூங்கப் போவோம். பகலில் அடித்த வெயில் இரண்டு நாளும் ஒன்றுதான். இரவில் மண்ணின் சூடு மேலே போகும் வழியில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

அகச்சிவப்பு | திங்கள், இரவு 11:25

டீச்சர், அந்தப் பையனின் நூல் உவமை அருமை. அதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம், மிச்சத்தில் பெரும்பகுதி ஆர்கான். பூமியிலிருந்து கிளம்பும் வெப்பம் அகச்சிவப்புக் கதிராகத்தான் மேலே போகிறது. அந்தக் கதிர் இந்த மூன்று வாயுக்களையும் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போய்விடும். நைட்ரஜன் மூலக்கூறில் ஒரே மாதிரி இரண்டு அணுக்கள் இருக்கின்றன. அது எப்படி அதிர்ந்தாலும் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாயாது. சாயாத மூலக்கூறால் அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்க முடியாது. ஆக்சிஜனும் அப்படித்தான். ஆர்கான் ஒற்றை அணு, அதில் அதிர்வதற்கே ஒன்றும் இல்லை.

கரியமில வாயுவில் நடுவில் ஒரு கார்பன், இரண்டு பக்கமும் ஆக்சிஜன். அது வளைந்து வளைந்து ஆடும்போது மின்னூட்டம் சாய்கிறது. அந்த ஆட்டத்துக்குப் பொருந்துவது 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றியுள்ள கதிர். பூமி அதிகமாக வெளியே விடும் வெப்பக் கதிரும் அதே சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. நீராவி, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, ஓசோன் ஆகியவையும் அவரவர் அலைநீளங்களில் இப்படிப் பிடிப்பவை.

ஆகவே பையனிடம் இப்படிச் சொல்லுங்கள்: வெப்பக் கதிரின் கண்ணுக்கு அந்தப் போர்வையில் மற்ற நூல்கள் இல்லவே இல்லை. இருப்பதே இந்தச் சில நூல்கள்தான். அவற்றில் ஒன்றைக் கூட்டினால் தெரியத்தான் செய்யும்.

"சின்ன அளவு" என்பதையும் சதவீதத்தை விட்டுவிட்டு எடையில் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல் வானம் வரை நிற்கும் காற்றின் எடை சுமார் 10 டன். அதில் கரியமில வாயு மட்டும் ஆறரைக் கிலோ. தொழிற்புரட்சிக்கு முன்னால் அது நாலரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது உங்கள் வகுப்பறையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலே நாம் இரண்டு கிலோவுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறோம். இன்னொரு விதமாகவும் சொல்லலாம். அந்த வாயுவை மட்டும் பிரித்துத் தரை மட்டத்து அழுத்தத்தில் பரப்பினால் மூன்று மீட்டருக்கு மேல் கனமான படலம் கிடைக்கும். ஓசோன் முழுவதையும் அப்படிப் பரப்பினால் 3 மில்லிமீட்டர்தான் வரும். அந்த மூன்று மில்லிமீட்டர்தான் சூரியனின் புற ஊதாக் கதிரிலிருந்து நம் எல்லோரையும் காப்பாற்றுகிறது. ஓசோனை நம்பும் பையன் இதையும் நம்புவான்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1856-இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது, ஆறவும் நேரம் எடுத்தது. காற்றில் அந்த வாயு கூடினால் பூமி சூடாக இருக்கும் என்று அப்போதே எழுதிவிட்டார். மூன்று ஆண்டு கழித்து ஜான் டிண்டால் கருவி செய்து, வெப்பக் கதிரை எந்த வாயு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தார். உங்கள் மாணவிகளிடம் ஃபூட் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் அவரை யாரும் நினைக்கவில்லை.

சாக்பீஸ் | செவ்வாய், காலை 6:15

ஆறரைக் கிலோ கணக்கை இப்போதே நோட்டில் எழுதிக்கொண்டேன். மிக்க நன்றி சார்.

கேள்விக்குறி | செவ்வாய், காலை 10:50

மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. கரியமில வாயு 15 மைக்ரோமீட்டர் கதிரைப் பிடிக்கிறது, சரி. ஆனால் தொழிற்புரட்சிக்கு முன் 280 பிபிஎம் இருந்த காலத்திலேயே அந்தக் கதிர் முழுவதையும் அது பிடித்துவிட்டது. பத்து லட்சம் மூலக்கூறில் 280 இருந்தால் என்ன, 420 இருந்தால் என்ன? கறுப்புத் திரை போட்ட ஜன்னலுக்கு இன்னொரு கறுப்புத் திரை போட்டால் அறை மேலும் இருட்டாகுமா?

அப்புறம், செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. அங்கே ஏன் எலும்பு உறையும் குளிர்? இதற்கு நேரடியான பதில் எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை.

அகச்சிவப்பு | செவ்வாய், மதியம் 1:30

நல்ல கேள்வி. 1900-இல் நட் ஆங்ஸ்ட்ராம் எழுப்பியதும் இதேதான். அதை நம்பி அரை நூற்றாண்டுக்குப் பலர் இந்த விஷயத்தை ஒதுக்கியே வைத்தார்கள். எங்கே தவறு என்று பார்ப்போம்.

தரைக்கு அருகில் அந்தக் கதிர் முழுவதும் பிடிபடுகிறது, உண்மை. ஆனால் பிடித்த மூலக்கூறு அதை வைத்துக்கொள்வதில்லை. சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது, அந்தக் காற்று மறுபடி கதிர் விடுகிறது, அதை மேலே உள்ள மூலக்கூறு பிடிக்கிறது. இப்படிப் படிப்படியாக ஏறிப் போய், காற்று போதுமான அளவு மெலிந்த ஓர் உயரத்தில்தான் கதிர் விண்வெளிக்குத் தப்புகிறது. எல்லா அலைநீளத்துக்கும் சராசரி எடுத்தால் அந்த வாசல் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இப்போது உறைபனி அவர்களின் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏற ஏறக் குளிர்கிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும். கரியமில வாயு கூடினால் கதிர் தப்பும் வாசல் இன்னும் மேலே போகிறது. மேலே குளிர் அதிகம். குளிர்ந்த இடத்திலிருந்து குறைவான கதிர்தான் வெளியேறும். உள்ளே வரும் வெயிலோ அதே அளவு. வரவு அதே, செலவு குறைவு. எனவே அந்த உயரமும் அதற்குக் கீழே தரை வரை உள்ள எல்லாமும் சூடேறி, பழைய அளவுக்குக் கதிர் வெளியேறும் வரை நிற்காது. வாசல் 150 மீட்டர் உயர்ந்தால் தரையில் ஏறத்தாழ ஒரு டிகிரி. கரியமில வாயு இரட்டிப்பானால் மற்ற விளைவுகளைச் சேர்க்காமலே கிடைக்கும் சூடு அந்த அளவுதான்.

ஆகவே உங்கள் இரண்டாவது திரை அறையை மேலும் இருட்டாக்குவதில்லை. திரையின் வெளிப்பக்கம் எங்கே இருக்கிறது என்பதை மாற்றுகிறது.

இதற்கு நேரடி ஆதாரமும் உண்டு. 1970-இல் நிம்பஸ்-4 செயற்கைக்கோள் பூமியிலிருந்து வெளியேறும் கதிரை அலைநீளம் வாரியாக அளந்தது. 1997-இல் ஒரு ஜப்பானியச் செயற்கைக்கோள் அளந்ததோடு அதை ஒப்பிட்டார்கள். கரியமில வாயுவும் மீத்தேனும் பிடிக்கும் அலைநீளங்களில் சரியாக அங்கேதான் வெளியேறும் கதிர் குறைந்திருந்தது.

செவ்வாய்: 95 சதவீதம் என்பது மொத்தக் காற்றில். அந்த மொத்தக் காற்றே நம் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நீராவியும் இல்லாததற்குச் சமம், சூரியனிலிருந்து தூரமும் அதிகம். இதே 96 சதவீதத்தோடு வெள்ளியைப் பாருங்கள். அங்கே காற்றழுத்தம் நம்மைப் போல 90 மடங்கு. தரையில் 460 டிகிரிக்கு மேல். சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் புதன்கூட அவ்வளவு சுடுவதில்லை. வெள்ளியின் வெண்மேகங்கள் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், பூமி வாங்குவதை விடக் குறைவான வெயிலைத்தான் அந்தக் கோள் வாங்குகிறது. அப்படியிருந்தும் அந்தச் சூடு!

கேள்விக்குறி | செவ்வாய், மாலை 4:05

வாசல் உயரும் விளக்கம் எனக்குப் புதிது. இரண்டு முறை படித்தேன். திரை விஷயத்தில் நான் நினைத்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மீதி இருக்கிறது. ஒன்று, கூடிய கரியமில வாயு மனிதன் விட்டதுதான் என்று எப்படித் தெரியும்? எரிமலையாக இருக்கலாம், கடலிலிருந்து வந்திருக்கலாம். இரண்டு, சூரியனே கொஞ்சம் கூடுதலாக எரிகிறதோ என்னவோ. மூன்று, நீராவிதான் எல்லாவற்றையும் விடப் பெரிய பசுமை இல்ல வாயு என்கிறார்கள். அதை விட்டுவிட்டு ஏன் கரியமில வாயுவையே பிடித்துத் தொங்குகிறோம்?

சாக்பீஸ் | செவ்வாய், இரவு 8:30

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த இடம்.

கீழடியில் கிடைத்த கரித்துண்டு கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கார்பன்-14 வைத்து. உயிரோடு இருக்கும் செடியில் அது கொஞ்சம் இருக்கும். செத்த பிறகு 5,730 ஆண்டுக்குப் பாதி என்று அழிந்துகொண்டே வரும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கோடி ஆண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்தது. அதில் கார்பன்-14 துளியும் மிஞ்சியிருக்காது. பெட்ரோலும் அப்படித்தான். அவற்றை எரித்தால் கார்பன்-14 இல்லாத கரியமில வாயு வந்து காற்றில் கலந்து, அதன் விகிதத்தை நீர்த்துப்போகச் செய்யும். 1955-லேயே ஹான்ஸ் சூஸ் என்பவர் மரங்களில் இந்த நீர்ப்பை அளந்து காட்டினார்.

எரிமலை வாயுவிலும் கார்பன்-14 இருக்காதே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் கார்பன்-13 என்ற, கொஞ்சம் எடை கூடிய கார்பன் வகை இருக்கிறது. செடிகள் கார்பன்-13-ஐக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். செடியிலிருந்து உண்டான நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது குறைவு, எரிமலை வாயுவில் அப்படி இல்லை. காற்றில் அதன் விகிதம் தொடர்ந்து இறங்குகிறது. கூடவே காற்றின் ஆக்சிஜனும் மெல்லக் குறைகிறது. எதையோ எரிக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும் கரியமில வாயு, மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்கு வரும். கடல் நமக்கு வாயு தரவில்லை, நாம் விடுவதில் கால் பங்கை அது வாங்கிக்கொண்டு அமிலத்தன்மை கூடிக்கொண்டிருக்கிறது.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315 பிபிஎம் அளவில் இருந்தது, 2024-இல் 424. அண்டார்டிகாப் பனிக்குள் அகப்பட்ட காற்றுக்குமிழிகளைப் பார்த்தால் எட்டு லட்சம் ஆண்டுகளில் ஒருமுறைகூட 300-ஐத் தாண்டிப் பெரிதாகப் போனதில்லை. இந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அதன் கோட்டில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் தெரியும். வடபாதி உலகத்துச் செடிகள் தளிர்க்கும்போது இறங்கும், இலை உதிர்ந்து மக்கும்போது ஏறும். பூமி மூச்சு விடுவதுதான் அது. அந்த மூச்சின் அளவு ஏழு பிபிஎம்கூட இல்லை. தொழிற்புரட்சிக்குப் பிறகு நாம் ஏற்றியது அதைப் போல இருபது மடங்கு.

அகச்சிவப்பு | செவ்வாய், இரவு 10:00

டீச்சர் சொன்னதற்கு மேல் எனக்கு வேலை இல்லை. மற்ற இரண்டுக்கு மட்டும்.

சூரியன்: 1978 முதல் செயற்கைக்கோள்கள் நேரடியாக அளக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடிக் குறைகிறது, மேல்நோக்கிய போக்கு இல்லை. நம் கொடைக்கானல் ஆய்வகத்திலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், விரும்பினால் ஒருமுறை போய்ப் பாருங்கள். இதைவிட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. சூரியன் கூடுதலாக எரிந்தால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடேற வேண்டும். நடப்பது என்னவென்றால் கீழே சூடேறுகிறது, மேலே உள்ள அடுக்குமண்டலம் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று சியுகுரோ மனாபே 1967-லேயே கணக்குப் போட்டுச் சொன்னார். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நீராவி: அதுதான் பெரியது, உண்மை. ஆனால் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கலாம் என்பதைக் காற்றின் சூடு தீர்மானிக்கிறது. கூடுதலாக ஏற்றினால் பத்து நாளுக்குள் மழையாக இறங்கிவிடும். கரியமில வாயு இறங்காது. அது முதலில் கொஞ்சம் சூடேற்றுகிறது, ஒரு டிகிரிக்குக் காற்று 7 சதவீதம் கூடுதல் நீராவி தாங்குகிறது, அந்த நீராவி மேலும் சூடேற்றுகிறது. முன்பு சொன்ன ஒரு டிகிரி, இதையும் உருகும் பனியையும் மேகங்களையும் சேர்த்தால் மூன்று டிகிரி அளவுக்குப் போகிறது.

கேள்விக்குறி | செவ்வாய், இரவு 10:40

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ-க்கு மேல் மழை. அதுவும் இந்த 7 சதவீதத்தால்தானா? 1992-லும் மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் அந்த அளவு பெய்திருக்கிறது.

அகச்சிவப்பு | செவ்வாய், இரவு 11:05

ஒரே ஒரு மழையைக் கையில் பிடித்து "இது அதனால் வந்தது" என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு மழை பெய்ய மற்ற சூழல்கள் கூடி வரும் நாளில், மேலே தொங்கும் தண்ணீர் முன்பைவிட அதிகம் என்பது மட்டும் உறுதி.

கம்ப்ரசர் | புதன், காலை 7:20

வணக்கம். நான் திருப்பூரில் ஏசி மெக்கானிக், பதினெட்டு ஆண்டு அனுபவம். எல்லோரும் கரியமில வாயுவையே பேசுகிறீர்கள், எங்கள் கையில் இருக்கும் வாயுவைப் பற்றியும் எழுதத் தோன்றியது.

ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி ஒன்றில் ஒரு கிலோ அளவுக்கு கேஸ் இருக்கும். ஆர்-410ஏ என்றால் அந்த ஒரு கிலோ வெளியே போவது இரண்டு டன் கரியமில வாயு விட்டதற்குச் சமம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பைக் 40,000 கிலோமீட்டர் ஓடினால்தான் அவ்வளவு புகை வரும். ஆர்-22 கேஸும் ஏறத்தாழ அதே அளவு. அது ஓசோனையும் தின்னும்.

நான் தொழில் கற்ற இடத்தில் ஏசியைக் கழற்ற வேண்டுமென்றால் நட்டைத் தளர்த்திக் கேஸைத் திறந்து விடுவோம். ஐந்து நிமிடம் 'உஸ்' என்று போகும். குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேக்குவம் பம்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும், அதற்குப் பதிலாகக் கேஸையே கொஞ்சம் விட்டுத் தள்ளிவிடுவோம். யாரும் தவறென்று சொல்லித் தரவில்லை. எத்தனை நூறு ஏசி அப்படித் திறந்து விட்டிருப்பேன் என்று இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது.

சரியான வழி கடினமே இல்லை. ஏசியை ஓடவிட்டு, சின்னக் குழாய் வால்வை முதலில் மூட வேண்டும். கேஸ் மொத்தமும் அவுட்டோர் யூனிட்டுக்குள் போய்ச் சேரும். அப்புறம் பெரிய வால்வையும் மூடிவிட்டுக் கழற்றலாம். பம்ப் டவுன் என்போம், பத்து நிமிட வேலை. வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு கோடைக்கும் "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்புங்க" என்று கூப்பிடுகிறார்கள். கேஸ் தேயாது, ஓட்டை இருந்தால்தான் குறையும். ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது காற்றுக்கு நிரப்புவதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகை வாயு பூமியைச் சூடாக்கும் என்று உலகத்துக்கு முதலில் சொன்னவர் நம் மதுரையில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, செகந்திராபாத்தில் ஃப்ரிட்ஜ் செய்யும் இடத்தில் கேஸ் ஏன் கசிகிறது என்று பார்க்கும் வேலையில் இருந்தவர். அமெரிக்கா போன பிறகு 1975-இல், அந்த கேஸின் ஒரு மூலக்கூறு பத்தாயிரம் கரியமில வாயு மூலக்கூறுக்கு ஈடாக வெப்பத்தைப் பிடிக்கும் என்று எழுதினார். டீச்சர், பத்தாயிரத்தில் நாலு நூல் என்று கேட்ட பையனுக்கு இதையும் சொல்லுங்கள்.

சாக்பீஸ் | புதன், காலை 7:45

அண்ணா, கண் கலங்கிவிட்டது. இன்று வகுப்பில் முதலில் இதைத்தான் சொல்லப் போகிறேன். இப்போது புதிதாக ஏசி வாங்குபவர்கள் எந்த கேஸ் என்று பார்க்க வேண்டும்?

கம்ப்ரசர் | புதன், காலை 8:10

ஆர்-32 வந்தால் 410ஏ-வில் மூன்றில் ஒரு பங்குதான் பாதிப்பு. ஆர்-290 என்பது புரொப்பேன், பாதிப்பு இல்லாததற்குச் சமம். ஆனால் தீப்பிடிக்கும் வாயு, பழகின கை வேண்டும்.

தாளடி | புதன், மதியம் 2:15

நீடாமங்கலம் பக்கம் விவசாயம். எங்கள் ஊரில் மீத்தேன் என்ற சொல்லைக் கேட்டாலே கூட்டம் கூடிவிடும், நிலத்தைத் தோண்டி எடுக்க வந்தபோது அத்தனை பேரும் தெருவில் நின்றோம். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. இப்போது நெல் வயலே மீத்தேன் விடுகிறது, பூமி சூடாவதற்கு நீங்களும் காரணம் என்று பேசுகிறார்கள். நாங்கள் ஆயிரம் ஆண்டாக நெல் போடுகிறோம். கார் ஓட்டுபவனையும் கரண்டு எடுப்பவனையும் விட்டுவிட்டு எங்களைச் சொல்வது என்ன நியாயம் ஐயா?

அகச்சிவப்பு | புதன், மாலை 5:50

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. ஒளிக்காமல் பதில் சொல்கிறேன்.

வயலில் தண்ணீர் கட்டியே கிடந்தால் மண்ணுக்குள் காற்று புகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளைத் தின்று மீத்தேன் விடும். அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே, வேருக்குக் காற்றுப் போகும் அதே குழாய் வழியாக மேலே வரும். உலகில் மனிதர் செயலால் வரும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நெல் வயலுக்கு. ஆடுமாடுகள், எண்ணெய் எரிவாயுக் கிணறுகள், நிலக்கரிச் சுரங்கங்கள், குப்பைமேடுகள் எல்லாம் மீதி.

ஆனால் மீத்தேனும் கரியமில வாயுவும் ஒரே கணக்கில் எழுத வேண்டியவை அல்ல. ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மீத்தேன் ஏரிக்கு மதகு பெரிதாகத் திறந்திருக்கிறது. உள்ளே வந்தது பத்துப் பன்னிரண்டு ஆண்டில் காற்றிலேயே வேதிவினையால் சிதைந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆண்டுதோறும் அதே அளவு வரத்து இருந்தால் நீர்மட்டம் ஒரே இடத்தில் நிற்கும். கரியமில வாயு ஏரிக்கு மதகு மிகச் சிறியது. இன்று விட்டதில் ஐந்தில் ஒரு பங்கு ஆயிரம் ஆண்டு கழித்தும் இருக்கும். வரத்து கூடாவிட்டாலும் மட்டம் ஏறிக்கொண்டே போகும். அதை நிறுத்த ஒரே வழி வரத்தையே நிறுத்துவது. அந்த ஏரியை நிரப்பியது நீங்கள் இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து முதலில் பணக்காரர்களான நாடுகள்தான் பெரும்பங்கு நிரப்பின. இன்றும் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு 14 டன் அளவில் விடுகிறார், இந்தியர் ஒருவர் 2 டன் அளவில்.

அதே சமயம், மதகு பெரிதாக இருப்பதால்தான் மீத்தேனைக் குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும். இருபது ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 80 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதன் அளவு தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர் மிச்சத்துக்காகச் சொன்னது அது. நடுநடுவே வயல் காய்ந்தால் மண்ணுக்குள் காற்றுப் போகும், மீத்தேன் மூன்றில் ஒரு பங்காவது குறையும், பல இடங்களில் பாதி வரை.

தாளடி | புதன், இரவு 7:30

காய்ச்சலும் பாய்ச்சலும் தெரியும். சொல்வது சுலபம். எங்களுக்கு முறைத் தண்ணீர். வாய்க்காலில் வரும்போது கட்டிக்கொள்ளாவிட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. அதனால் தேவையோ இல்லையோ நிறையக் கட்டிவிடுவோம். சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் வடிக்கவே வழி இருக்காது, அப்போது காய்ச்சலுக்கு எங்கே போவது? காயவிட்டால் களை ஏறிவிடும், ஆள் கூலி யார் தருவது? இன்னொரு சந்தேகம், உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறேன். அதுவும் மீத்தேன் ஆகுமா?

அகச்சிவப்பு | புதன், இரவு 8:20

நீங்கள் சொன்ன மூன்று தடையும் உண்மை. சம்பாவில் மழைத் தண்ணீரை வடிக்கச் சொல்பவர் டெல்டாவைப் பார்க்காதவர். குறுவையில், அதுவும் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது கைகூடும்.

தக்கைப்பூண்டு: ஆமாம், பச்சையாக மடக்கி உடனே தண்ணீர் கட்டினால் மீத்தேன் கூடும். பச்சை வைக்கோலும் அப்படியே. அதற்காக விட்டுவிடாதீர்கள் ஐயா. அது இல்லாவிட்டால் நீங்கள் போடப்போகும் கூடுதல் யூரியா இயற்கை எரிவாயுவில் செய்தது. போட்ட பிறகு வயலில் நைட்ரஸ் ஆக்சைடும் கிளம்பும். அது மீத்தேனை விட வலுவானது, நூறு ஆண்டுக்கு மேல் காற்றில் நிற்கும்.

சாக்பீஸ் | புதன், இரவு 8:45

இன்று வகுப்பு நடந்தது. ஓசோனின் 3 மில்லிமீட்டரை ஸ்கேலில் காட்டினேன், கரியமில வாயுவின் மூன்று மீட்டரை அளந்தால் வகுப்பறைக் கூரையைத் தொட்டது. பையன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "இதில் நாம சேர்த்தது எதுவரைக்கும்னு கோடு போடுங்க டீச்சர்" என்றான். தரையிலிருந்து இரண்டு மீட்டர் தாண்டிக் கோடு போட்டோம். அதற்கு மேலே உள்ளது முழுவதும் நம்முடையது. அந்தக் கோட்டை அழிக்க வேண்டாம் என்று எல்லோருமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஏரி உவமையை அடுத்த வகுப்புக்கு வைத்திருக்கிறேன்.

தாளடி | புதன், இரவு 9:15

டீச்சரம்மா, அந்தப் பையனை எங்கள் ஊருக்கு அழைத்து வாங்க, வயலைக் காட்டுகிறேன்.

சார், வரும் குறுவையில் மூன்று மா நிலத்தில் மட்டும் காய்ச்சல் பாய்ச்சல் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன், மோட்டார் பக்கத்திலேயே இருக்கிறது. குழாய் பதித்துத் தண்ணீர் பார்க்கச் சொன்னார்களே, அதன் அளவு என்ன?

அகச்சிவப்பு | புதன், இரவு 9:40

பிவிசி குழாய், ஒரு அடி நீளம், உள்ளே எட்டிப் பார்க்கும் அகலம் இருந்தால் போதும். கீழ்ப்பாதி முழுக்கச் சுற்றிலும் துளை போடுங்கள். துளையிட்ட பாதியை மண்ணுக்குள் அரை அடி இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். நட்ட முதல் இரண்டு வாரம் களைக்காக வழக்கம்போலத் தண்ணீர் நிற்கட்டும். அதற்குப் பிறகு குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கினால் மறுபடி 5 செ.மீ. கட்டுங்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள்.

தாளடி | வியாழன், காலை 5:50

பூக்கும்போது காயவிடாமல் ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்தால் போதுமா, பத்து நாளா?

அகச்சிவப்பு | வியாழன், காலை 6:30

கதிர் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பு தொடங்கி, பூத்து ஒரு வாரம் வரைக்கும் தண்ணீர் நிற்கட்டும் ஐயா.